கலந்து படித்தால் போதுமா? டர்பன் பள்ளிகளும் நம் 15 கையெழுத்தும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் ஈப்போ அன்பர் ஒருவரின் கடிதம் வந்திருந்தது. தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள், நிறவெறி ஆட்சி ஒழிந்ததும் கறுப்பர், வெள்ளையர், இந்தியர் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பள்ளியில் உட்கார்ந்துவிட்டார்கள், நாம்தான் மலேசியாவில் இன்னும் மலாய்வழித் தேசியப் பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி என்று மூன்றாகப் பிரிந்து கிடக்கிறோம், ஒரே பள்ளி வந்தால் ஒற்றுமை தன்னால் வந்துவிடும் என்று எழுதியிருந்தார். ஒற்றுமை வேண்டும் என்ற அவர் ஆசையில் எனக்குக் குறை இல்லை. ஆனால் உதாரணம் காட்டிய நாட்டின் பள்ளிக்கூட வாசலில் அவர் நின்று பார்த்ததாகத் தெரியவில்லை. நான் நின்றிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாக இருந்தால் சுருக்கிக்கொள்ளுங்கள். 15 மாணவர்களின் பெற்றோர் கையெழுத்திட்டுக் கேட்டால் பள்ளியில் தமிழ் கற்க வசதி தரவேண்டும் என்கிற சட்டம் பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

என் மருமகன் கப்பல் நிறுவனமொன்றில் வேலை செய்கிறார். அவரை டர்பனுக்கு மாற்றியபோது மகளும் பேத்தியும் உடன் போனார்கள். மகளின் இரண்டாவது பிரசவம் அங்கேதான் என்று ஆனதும், பத்தியம் பார்க்க நான் போனேன். பேத்தியைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவரும் வேலையும் என் தலையில் விழுந்தது. ஓய்வுபெறும்வரை பட்டர்வொர்த் வட்டாரத்து இடைநிலைப்பள்ளிகளில் புவியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். பள்ளி வாசலில் எனக்குச் சும்மா நிற்க வராது. யார் யாரோடு சேர்ந்து போகிறார்கள், யார் யாரை எந்த மொழியில் கூப்பிடுகிறார்கள் என்று கண்ணும் காதும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

பேத்தி படித்த பள்ளி ஒரு காலத்தில் வெள்ளையருக்கு மட்டுமே உரியது. 1990களின் தொடக்கத்தில் இத்தகைய பள்ளிகள் மற்ற இனத்தாருக்கும் கதவு திறந்தன. ‘மாடல் சி’ பள்ளி என்றே ஊரில் இன்றும் சொல்கிறார்கள். இப்போது அந்தப் பள்ளியின் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஜூலு இனத்தவர். ஆசிரியர்களில் பெரும்பாலோர் வெள்ளையரும் இந்தியரும். பாடம் ஆங்கிலத்தில், அறிவிப்பு ஆங்கிலத்தில், திடலில் பந்துக்குக் கத்துவதும் ஆங்கிலத்தில். ஈப்போ அன்பர் தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்திருந்தால் அவர் வாதத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. எல்லா நிறமும் ஒரே சீருடையில், கைகோத்துக்கொண்டு. அந்தக் கைகோப்பு பொய் இல்லை. என் பேத்திக்கு அங்கே கிடைத்த தோழிகளைப்போல இங்கே கிடைக்கவில்லை என்று இன்றும் சொல்கிறாள்.

அந்தத் தோழிகளில் ஒருத்தி உம்லாசியிலிருந்து வருவாள். உம்லாசி என்பது டர்பன் நகரத்துக்கு வெளியே, நிறவெறிக் காலத்தில் கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய பெரிய குடியிருப்பு. விடிவதற்கு முன்பே பள்ளி வேனில் ஏறிவிடுவாளாம். ஒரு நாள் மாலை வேன் வரவில்லை. அவளுடைய பாட்டி வந்திருந்தார். பாட்டியை அவர்கள் ‘கோகோ’ என்பார்கள். தலையில் துணி கட்டிய, கனத்த உடம்பு. வாசலில் நின்று அந்தப் பெண்ணை முழுப் பெயர் சொல்லி, ஜூலுவில் சத்தமாகக் கூப்பிட்டார். பிள்ளை முதலில் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு வேகமாக வந்து, தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் “வருகிறேன் கோகோ, கத்தாதீர்கள்” என்றாள். பாட்டிக்கு அது புரிந்ததோ இல்லையோ, பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். சாலையைக் கடந்து டாக்சி நிற்கும் இடத்துக்குப் போனார்கள். அங்கே போனதும் அந்தப் பெண் வாய் திறந்தாள் பாருங்கள், அருவி கொட்டினாற்போல் ஜூலு. கையை ஆட்டி ஆட்டி அன்றைக்குப் பள்ளியில் நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கோகோ வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். பள்ளி கேட்டுக்கு உள்ளே ஒரு பிள்ளை, கேட்டுக்கு வெளியே இன்னொரு பிள்ளை.

ஜூலு அந்த நாட்டில் ஒதுங்கிக் கிடக்கும் சிறுபான்மை மொழி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் மிக அதிகமாகப் பேசப்படும் மொழி அதுதான், 24.4 விழுக்காட்டினர். வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் 8.7 விழுக்காட்டினர். 1996 அரசமைப்பு ஜூலு உட்பட 11 மொழிகளை ஆட்சிமொழி ஆக்கியது. 2023இல் சைகைமொழியும் சேர்ந்து 12 ஆனது. நாட்டிலேயே பெரிய மொழி, ஆட்சிமொழி என்ற தகுதியும் உண்டு. அப்படியிருந்தும் பள்ளி வாசலில் ஒரு பிள்ளை அதைப் பேசுவதற்குள் யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறது. நம் நாட்டில் இந்தியர்கள் 2020 கணக்கெடுப்பின்படி 6.7 விழுக்காடு. ‘நாம் சிறுபான்மை, அதனால்தான் தமிழுக்கு இந்த நிலை’ என்று கூட்டத்துக்குக் கூட்டம் மேடையில் பேசுகிறோமே, எண்ணிக்கை மட்டும் காரணம் என்றால் ஜூலுப் பிள்ளைக்கு ஏன் கூச்சம்?

வகுப்புக்குள்ளும் கொஞ்சம் பார்ப்போம். அங்கே மொழிப்பாடங்களுக்கு நிலைகள் உண்டு. தாய்மொழிக்காரர் அளவுக்கு ஆழமாகப் படிப்பது ஒரு நிலை. கூடுதல் மொழியாகப் படிப்பது அதற்குக் கீழே ஒரு நிலை. பேத்தியின் பள்ளியில் மேல் நிலையில் இருந்தது ஆங்கிலம் ஒன்றுதான். ஜூலுவுக்கும், டச்சிலிருந்து வந்த ஆஃப்ரிகான்ஸ் மொழிக்கும் கீழ் நிலை. ஆகவே பட்டர்வொர்த்திலிருந்து போன என் பேத்தியும், உம்லாசியில் பிறந்து வளர்ந்த அந்தப் பெண்ணும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து ‘இது நாற்காலி, அது கதவு’ என்று ஜூலு படித்தார்கள். பேசத் தெரிந்த பிள்ளைக்கு அந்தப் பாடத்தில் என்ன இருக்கும்? பின்வரிசையில் கணக்கு வீட்டுப்பாடத்தை முடித்துக்கொண்டிருப்பாளாம். ஒரு நாள் சொல்வதெழுதுதல். ஜூலுவில் சொற்கள் நம் தமிழைப்போலவே ஒட்டுக்கு மேல் ஒட்டுச் சேர்ந்து நீண்டுகொண்டே போகும்; தமிழில் பின்னால் ஒட்டும், அங்கே முன்னாலும் ஒட்டும். எழுதிப் பழகாத கைக்குத் தடுமாறும். என் பேத்தி வீட்டில் என்னை உட்காரவைத்து மனப்பாடம் செய்தவள், அந்தப் பெண்ணைவிடக் கூடுதல் மதிப்பெண் வாங்கிவிட்டாள். வெளிநாட்டுப் பிள்ளையே இவ்வளவு வாங்கும்போது என்று ஆசிரியை எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் விடைத்தாளை நாலாக மடித்துப் பென்சில் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள் என்று பேத்தி வந்து சொன்னாள். பேத்திக்குப் பெருமை. மகளும் நானும் ஒன்றும் பேசவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். வாசலுக்கு அருகில் ஆசிரியர் ஒருவர் ஜூலுப் பையன் ஒருவனைக் கண்டித்துக்கொண்டிருந்தார். பையன் தலை குனிந்து நின்றான். “பேசும்போது என் முகத்தைப் பார்” என்றார். அவன் இன்னும் குனிந்தான். அவருக்குக் கோபம் ஏறியது. பொய் சொல்கிறவன்தான் கண்ணைப் பார்க்கமாட்டான் என்று முடிவுகட்டிவிட்டார். ஜூலு வீடுகளில் பெரியவர்கள் பேசும்போது பிள்ளைகள் கண்ணுக்குக் கண் பார்க்கக்கூடாது. அது மரியாதைக் குறைவு. நம் வீட்டிலும் அப்பா திட்டும்போது நிமிர்ந்து பார்த்தால் ‘என்ன முறைக்கிற?’ என்றுதானே கேட்பார்! வீட்டில் எது மரியாதையோ, பள்ளியில் அதுவே திருட்டு முழி. அந்தப் பையன் எந்தப் பக்கம் சரி என்று எடுத்துக்கொள்வான்? ஒரே பள்ளியில் உட்காரவைத்தார்கள், சரி. யாருடைய வீட்டு வழக்கம் அந்தப் பள்ளிக்குச் சட்டமானது என்பதைத்தான் நான் கேட்கிறேன். 2016இல் பிரிட்டோரியாவில் ஒரு பெண்கள் பள்ளியின் மாணவிகள் தங்கள் இயற்கையான முடிக்காகப் போராடியது உலகச் செய்தியானது. பள்ளியில் தங்கள் தாய்மொழியில் பேசினால் கண்டிக்கிறார்கள் என்ற புகாரும் அதே போராட்டத்தில் இருந்தது. முடி விஷயம் படமாக வந்தது. மொழி விஷயம் அவ்வளவாக வெளியே வரவில்லை.

இப்படிப் படிக்கும் பிள்ளை வீட்டுப் பக்கத்திலாவது நிம்மதியாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. உம்லாசிப் பெண்ணின் தாயார் மருத்துவமனைத் தாதி. குழந்தையைப் பார்க்க ஒரு ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்தார். பேச்சு பள்ளி பக்கம் திரும்பியது. மாமன் மகள், சித்தி மகன் எல்லாரும் தன் பெண்ணைத் ‘தேங்காய்’ என்று கேலி செய்கிறார்களாம்: மேலே பழுப்பு, உள்ளே வெள்ளை. மூக்கால் ஆங்கிலம் பேசுகிறாள், ஜூலுவில் பெரியவர்களிடம் பேசவேண்டிய முறை தெரியவில்லை என்று குறை. கல்யாணம், துக்கம் என்று ஊருக்குப் போனால் அந்தப் பெண் போனோடு ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுகிறாளாம். “இத்தனை தெரிந்தும் ஏன் அங்கே சேர்த்தீர்கள்?” என்று நான் கேட்டேன். ஆசிரியைத் தொழில் என்னைவிட்டுப் போகவில்லை, கேட்டுவிட்டேன். அந்த அம்மாள் கோபப்படவில்லை. “என் தாயாரை ஜூலுவில்தான் படிக்கவைத்தார்கள். எதற்குத் தெரியுமா? வெள்ளைக்காரர் வீட்டில் பாத்திரம் கழுவ” என்றார்.

அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஈப்போ அன்பர் அதை விட்டுவிட்டார். தாய்மொழிக் கல்விக்குக் கொடி பிடிக்கும் நாமும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1953இல் நிறவெறி அரசு கறுப்பர்களுக்கென்று ‘பாண்டு கல்விச் சட்டம்’ கொண்டுவந்தது. ஆரம்பக் கல்வி முழுவதும் தாய்மொழியில்தான் என்றார்கள். கேட்கக் காதுக்கு இனிமை. உள்நோக்கம் வேறு. கறுப்பர் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில், குறைந்த பணத்தில், கூலி வேலைக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் படிக்கவைப்பதுதான் திட்டம். தாய்மொழியை அந்தத் திட்டத்துக்கு வேலியாகப் பயன்படுத்தினார்கள். பிறகு 1974இல், கணக்கும் சமூகப் பாடமும் ஆளும் வெள்ளையரின் ஆஃப்ரிகான்ஸ் மொழியில்தான் படிக்கவேண்டும் என்று உத்தரவு. 1976 ஜூன் 16ஆம் தேதி, ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த கறுப்பர் குடியிருப்பான சொவேட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் சீருடையோடு தெருவில் இறங்கினார்கள். போலீஸ் சுட்டது. அன்று விழுந்தவர்களில் ஹெக்டர் பீட்டர்சனுக்கு வயது 12. இப்போது அந்த நாள் அங்கே இளைஞர் தினம், பொது விடுமுறை. இந்த இரண்டையும் அனுபவித்த சமூகத்தில், தாய்மொழியில் படி என்றால் ‘மறுபடியும் எங்களைப் பின்னால் தள்ளப் பார்க்கிறீர்களா?’ என்று பெற்றோர் கேட்பதில் என்ன தப்பு?

நம் கதையும் வெகு தூரம் இல்லை. 1912 தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்றது. வைத்தார்கள். தோட்ட எழுத்தரான கிராணியும் கங்காணியும் வாத்தியாராக உட்கார்ந்த பள்ளிகள் எத்தனை! என் தாயார் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் படித்தவர். அ, ஆ படித்து முடித்ததும் கையில் கொடுத்தது ரப்பர்ப் பால் வாளி. அந்தத் தலைமுறை ‘தமிழ் சோறு போடுமா?’ என்று கேட்டதை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் கண்ட தமிழ்ப்பள்ளி அது. இன்றைய தமிழ்ப்பள்ளி வேறு. அறிவியல் போட்டிக்கு வெளிநாடு போய்ப் பதக்கம் வாங்கி வரும் பிள்ளைகள் அங்கிருந்து வருகிறார்கள். ஆனால் பழைய பயம் மட்டும் ரத்தத்தில் கிடக்கிறது. டர்பன் தாதி அம்மாளுக்கும் அதே பயம்தான்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்க அரசமைப்பின் 29ஆம் பிரிவு, ஒவ்வொருவரும் தாம் விரும்பும் ஆட்சிமொழியில் அரசுப் பள்ளியில் படிக்கலாம் என்கிறது; ஆனால் நியாயமாக நடைமுறைப்படுத்த முடிகிற இடத்தில் என்று ஒரு வால் சேர்த்திருக்கிறது. அந்த வாலின் நீளம் என்ன என்பதை 1997 கல்வி மொழிக் கொள்கை எண்ணாகவே சொல்கிறது. ஒரு பள்ளியில் ஒரு வகுப்பு நிலையில் 1 முதல் 6 வரையானால் 40 பிள்ளைகள், 7 முதல் 12 வரையானால் 35 பிள்ளைகள் ஒரு மொழியைக் கேட்டால் அது நடைமுறைக்கு ஏற்றது என்று பொருள். பேத்தியின் பள்ளியில் ஒவ்வொரு வகுப்பு நிலையிலும் ஜூலுப் பிள்ளைகள் அந்த எண்ணைத் தாண்டி இருந்தார்கள். கேட்டவர் யாருமில்லை. பாடம் முழுவதும் வேண்டாம், ஜூலு மொழிப்பாடத்தையாவது மேல் நிலையில் வையுங்கள் என்றுகூட யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. தாதி அம்மாளுக்கு அப்படி ஒரு எண் இருப்பதே தெரியாது. மகளின் மடிக்கணினியில் நான் தேடிக் காட்டியபோது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

மொழி உரிமை வேலியாவதும் உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. ஆஃப்ரிகான்ஸ் பள்ளிகள் சில, ‘எங்கள் பள்ளியில் ஆஃப்ரிகான்ஸ் மட்டும்தான்’ என்று சொல்லியே கறுப்பர் பிள்ளைகளை வெளியே நிறுத்தின. எர்மெலோ என்ற ஊரின் பள்ளி ஒன்று அப்படிச் செய்த வழக்கு, 2009இல் அரசமைப்பு நீதிமன்றம் வரை போனது. மொழிக் கொள்கையை முடிவுசெய்யும் அதிகாரம் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு உண்டு, ஆனால் அது தன் பள்ளிப் பிள்ளைகளோடு நின்றுவிடாமல் சுற்றியுள்ள சமூகத்தின் தேவையையும் பார்க்கவேண்டும் என்றது நீதிமன்றம். 2024இல் வந்த புதிய கல்விச் சட்டத் திருத்தம் இதில் கடைசி முடிவை மாநிலக் கல்வித்துறையிடம் கொடுத்தது. அதற்கு அங்கே இன்னும் சண்டை ஓயவில்லை. நான் இதைச் சொல்வது தமிழ்ப்பள்ளிக்கு எதிராக அல்ல. நம் பள்ளிகளின் கதவு மற்ற இனத்துப் பிள்ளைகளுக்கும் திறந்தே இருக்கிறது, மலாய்க்காரப் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளிகளை நாம் அறிவோம். அந்த நிலை மாறாமல் இருக்கவேண்டும்.

நம்மவர் பற்றியும் ஒரு வார்த்தை. டர்பனில் தமிழர் இல்லாத தெரு அபூர்வம். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் 342 பேர் கரும்புத் தோட்டத்துக்கு வந்து இறங்கினார்கள். அங்கே தொடங்கியது அந்தச் சமூகம். கோயில்களில் காவடி நம் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் சற்றும் குறைவில்லை. தேவாரத்தை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு உருகிப் பாடுகிறார்கள். பேச்சுத் தமிழ் மட்டும் நாலைந்து தலைமுறையில் போய்விட்டது. என்னை ‘ஆன்ட்டி’ என்றார்கள். பெரியம்மா என்று கூப்பிட ஆளில்லை. தென்னாப்பிரிக்க அரசமைப்பின் 6ஆம் பிரிவில், மதித்து வளர்க்கவேண்டிய சமூக மொழிகளின் பட்டியலில் தமிழின் பெயர் எழுத்தில் இருக்கிறது. அதைப் படித்தபோது மெய்சிலிர்த்தது உண்மை. ஆனால் எழுத்தில் இருப்பதால் பிள்ளை வாயில் வந்துவிடுமா?

இப்படித் தம் மொழியைப் பறிகொடுத்த நம்மவர், இன்று ஆசிரியராக வகுப்பின் முன்னால் நிற்கிறார்கள். முன்பு இந்தியருக்கென்று இருந்த சாட்ஸ்வொர்த் பகுதிப் பள்ளிகளில் இப்போது ஜூலுப் பிள்ளைகள் ஏராளம். கோயிலில் பழக்கமான ஆசிரியை ஒருவர், வகுப்பில் ஜூலு பேசக்கூடாது என்பது தம் கண்டிப்பு என்று பெருமையாகச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். “என்ன பேசுகிறார்கள் என்று எனக்குப் புரிய வேண்டாமா, ஆன்ட்டி?” என்றார். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர். நாம் மட்டும் என்ன ஒழுங்கு? கோலாலம்பூரில் ஆப்பிரிக்க மாணவர்களுக்கு வீடு வாடகைக்கு இல்லை என்று எழுதிப் போடுகிறவர்களில் நம்மவரும் இருக்கிறார்கள். இது இந்தக் கடிதத்துக்கு வெளியே. ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஈப்போ அன்பரே, நான் கலந்து படிப்பதற்கு எதிரி அல்ல. என் சம்பளமே கலப்புப் பள்ளியில்தான் வந்தது. இன்னொரு செய்தியும் உண்டு. இந்த நாட்டில் தமிழ் வகுப்பு முதன்முதல் தொடங்கியது 1816இல், எங்கள் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில். அது ஆங்கிலப் பள்ளி, எல்லா இனத்துக்கும் பொதுவான பள்ளி. கலந்து படிக்கும் இடத்தில் தமிழுக்கு இடம் கொடுக்கமுடியும் என்று இருநூறு வருடத்துக்கு முன்பே காட்டியாகிவிட்டது. தமிழ்ப்பள்ளி இருக்கலாமா கூடாதா என்ற வழக்கிலும் 2021இல் உயர்நீதிமன்றமும் 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவை சட்டத்துக்கு உட்பட்டவையே என்று சொல்லிவிட்டன. ஆகவே தமிழ்ப்பள்ளி வேண்டுமா என்ற பட்டிமன்றத்தை விட்டுவிடுவோம். நம் பிள்ளைகள் ஏற்கெனவே கலந்து படிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஆறாம் ஆண்டு முடிந்ததும் எல்லாரும் போய்ச் சேர்வது இடைநிலைப்பள்ளிதானே? டர்பனில் நான் கண்டதெல்லாம் அங்கேதான் நடக்கிறது.

தமிழ்ப்பள்ளியில் மேடையேறிப் பேசிய பிள்ளை மலாய்மொழிக்காக ஓராண்டு கூடுதலாகப் படிக்கும் புகுமுக வகுப்பிலோ, இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்றிலோ வந்து உட்கார்ந்ததும் வாய் அடைத்துப்போவதை நான் வருடாவருடம் பார்த்திருக்கிறேன். மலாய்மொழி உச்சரிப்புக்குப் பின்வரிசையிலிருந்து சிரிப்பு வரும். முதல் பருவம் முடிவதற்குள் அந்தப் பிள்ளை தன் பெயரையே ஆசிரியர் சொல்லும் விதத்தில் சொல்லத் தொடங்கும். தமிழ்? அது பாட அட்டவணைக்கு வெளியே. நான் வேலை செய்த ஒரு பள்ளியில் தமிழ் வகுப்பு பள்ளி முடிந்த பிறகு, அறிவியல் கூடத்தில். கேஸ் குழாய்க்கும் தொட்டிக்கும் நடுவில் நோட்டை விரித்து எழுதுவார்கள். வேன் காத்திருக்காது, வேனில் போகும் பிள்ளைகள் பாதியில் எழுந்து ஓடும். அந்தப் பள்ளியில் தமிழ் ஆசிரியர் இல்லாததால் புவியியல்காரியான நானே எடுத்தேன். வெயில், பசி, மற்ற இனத்துப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்ற ஏக்கம். இதற்குமேல், படிவம் ஐந்து முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் ஏன் தமிழ் எடுக்கவில்லை என்று பிள்ளையைத் திட்டினால் எப்படி?

நம் கல்விச் சட்டம் 1996ஐ எடுத்துப் பாருங்கள். தேசியப் பள்ளியானாலும் தேசிய இடைநிலைப்பள்ளியானாலும், குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ்மொழி கற்கும் வசதி செய்துதரப்பட வேண்டும் என்று பொருள் விளக்கப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. பூர்வகுடி மொழிகளுக்குத்தான் நியாயமானதாகவும் நடைமுறைக்கு ஏற்றதாகவும் இருந்தால் என்ற நிபந்தனை. தமிழுக்கும் சீனத்துக்கும் அந்த வால் இல்லை. தென்னாப்பிரிக்காக்காரனுக்கு ஒரு வகுப்பு நிலையில் 35 அல்லது 40 பேர் வேண்டும். அவன் கேட்பது பாடமொழி, பெரிய விஷயம். நாம் கேட்பது ஒரு பாடம். நமக்குப் பள்ளி முழுவதற்கும் 15 பேர் போதும்.

என் அனுபவத்தில் இந்த 15 கையெழுத்து பெரும்பாலும் வந்து சேர்வதில்லை. ஆசிரியர் இல்லை என்பார்கள், நேரம் இல்லை என்பார்கள். கேட்டு எழுதிய கடிதம் ஒன்று கோப்பில் இருந்தால்தான் அந்தப் பதிலையே எழுத்தில் வாங்கமுடியும். 2009இல் எஸ்.பி.எம். தேர்வுக்கு 10 பாடங்கள்தான் என்ற அறிவிப்பு வந்தபோது தமிழும் தமிழ் இலக்கியமும் அடிபடும் என்று நம் அமைப்புகள் எழுந்து நின்று கேட்டன. 10 பாடங்களோடு கூடுதலாக 2 எடுக்கலாம் என்று மாறியது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு நம் கையிலேயே சான்று உண்டு. கேட்காமல் இருப்பதற்கு நம் பெற்றோர் சொல்லும் காரணமும் டர்பன் தாதி அம்மாள் சொன்னதுதான்: பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற பயம். ஒரு பாடம் கூடுதலாகப் படிப்பதால் யாரும் பின்தங்கியதில்லை. தென்னாப்பிரிக்காவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினரால் படிப்பதைப் பொருள் புரிந்து படிக்கமுடியவில்லை என்று 2021ஆம் ஆண்டின் பன்னாட்டு வாசிப்பு ஆய்வு காட்டியது. மூன்றாம் வகுப்போடு தாய்மொழியை நிறுத்திவிட்டு நான்காம் வகுப்பில் ஆங்கிலத்துக்குத் தாவும் முறையும் இதற்கு ஒரு காரணம் என்று கண்டு, 2025 முதல் நான்காம் வகுப்பிலும் தாய்மொழியை ஆங்கிலத்தோடு சேர்த்துக் கொண்டுபோகும் முறையைத் தொடங்கியிருக்கிறார்கள். அன்பர் காட்டிய நாடே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது.

படிவம் ஒன்றில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே, புலன (வாட்ஸ்அப்) குழுவில் வாழ்த்து அட்டை அனுப்பும் நேரத்தில், மற்றத் தமிழ்ப் பெற்றோரைக் கண்டுபிடியுங்கள். படிவம் ஒன்றில் மட்டும் தேடவேண்டியதில்லை. படிவம் ஐந்து வரை எந்த வகுப்பில் படித்தாலும் கணக்குதான். ஒரே தாளில் பிள்ளையின் பெயர், வகுப்பு, பெற்றோர் பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து. கடிதம் மலாய்மொழியில் இருக்கட்டும். கல்விச் சட்டம் 1996 என்று பெயர் சொல்லி எழுதுங்கள். வகுப்பு பாட அட்டவணைக்குள் வேண்டும் என்பதைத் தனி வரியாகக் கேளுங்கள். அது சட்டத்தில் இல்லை, கேட்டுத்தான் வாங்கவேண்டும். முதல்வரிடம் நேரில் கொடுத்து, நகலில் பள்ளி முத்திரை வாங்குங்கள். இன்னொரு நகல் மாவட்டக் கல்வி இலாகாவுக்கு. வாங்கமாட்டேன் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பலாம். செபராங் பிறை பக்கத்தில் கடிதம் எழுதத் தெரியாமல் தயங்கும் பெற்றோர் யாராவது இருந்தால் உங்கள் பத்திரிகை அலுவலகம் வழியாக எனக்குத் தெரிவியுங்கள். மாதிரிக் கடிதம் ஒன்று தட்டச்சு செய்து தயாராக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இடைநிலைப்பள்ளி ஆசிரியை,
பட்டர்வொர்த், பினாங்கு.